பார்க்காத நேரத்தில் சாப்பிடுகிறவர்கள்

எங்கள் ஊர் மாதோவின் சந்தைத் தெருவில் கேஸ் சிலிண்டர் தானாகவே நடந்து வருகிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். பின்னால் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். மேலே சாம்பல் நிறச் சிலிண்டர், கீழே இரண்டு குட்டைக் கால்கள், நடுவில் ஓர் ஆள் இருப்பதற்கான அடையாளமே இருக்காது. அந்தக் கால்கள் என் கணவர் மாவ்ஷெங்குடையவை. போன மாதம், பம்பளிமாஸ் அறுவடை முடிந்த கையோடு, ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

கேஸ்காரர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எந்த வீட்டுக்குள்ளும் சமையலறை வரைக்கும் போய் வருகிறவர். ஆனால் அவர் மனதில் பல வருஷம் கிடந்து அரித்த கவலை என்னவென்று எனக்கும் எங்கள் மகள் ருவோலானுக்கும்தான் முழுசாகத் தெரியும்.

மாவ்ஷெங் என்ற பெயருக்குச் செழித்து வளர்வது என்று பொருள். "எங்கப்பா வச்சதுல பேரு மட்டும்தான் வளந்துச்சு" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் வரிசை. எல்லா ஆண்களும் போக வேண்டிய பட்டாளத்தில் கொடுத்த கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துக்கொண்டவர். பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணன், ஏதோ விளையாட்டுப் போல, அவரை என் பக்கத்தில் நிற்கவைத்து அளந்து பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

தான் குள்ளமாகப் போனதற்கு அவர் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தார். அவருடைய அப்பா கரும்பாலையில் கூலி. வீட்டில் உலர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துருவலைத்தான் வேகவைப்பார்கள், அதன்மேல் பேருக்கு ஒரு பிடி அரிசி. வெந்ததும் அரிசியை வழித்து, கரும்பு வெட்டப் போகிற அண்ணன்களுக்கு வைப்பார்கள். கடைக்குட்டிக்குக் கிழங்கு. "சோறு தின்னவன் வளந்தான், கிழங்கு தின்னவன் நின்னுட்டான்" என்பார். நான் நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். வளர்த்தி பாதிக்கு மேல் ரத்தத்தோடு வருவது, என் அம்மாவும் குள்ளம், நானும் ஒன்றும் பனைமரம் இல்லை என்று எத்தனை தரம் எடுத்துச் சொல்லியிருப்பேன்! "இருக்கட்டும் டீச்சரம்மா. நம்ம புள்ளைக்குச் சோத்துக்குக் கொறை வைக்கக் கூடாது" என்று முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குச் சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிற பிள்ளை பிறந்தது.

ருவோலான் பால் குடித்த வரைக்கும் தொந்தரவு இல்லை. சோற்றுக்கு வந்ததும் ஆரம்பித்தது. ஒரு வாயை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். விழுங்க மாட்டாள், துப்பவும் மாட்டாள். கதை சொன்னாலும், பாட்டுப் பாடினாலும், வாசலுக்கு எடுத்துப் போய் நாயைக் காட்டினாலும் கன்னம் உப்பியபடியே இருக்கும். மாவ்ஷெங் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் முற்றத்தைச் சுற்றி அவள் பின்னால் ஓடுவார். சதுரங்கம் ஆடுகிற கிழவர்கள், "ஏம்ப்பா, யாரு யாருக்கு ஊட்டுறா? நீதான் இன்னும் வளரணும் போலிருக்கு!" என்று கத்துவார்கள். "மிச்சத்த நான் தின்னு வளந்துக்கிறேன் தாத்தா, நீங்க காயப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்.

நான் செய்யாத சமையல் இல்லை. பால்கெண்டைக் கஞ்சி, சோயாவில் வெந்த பன்றிக்கறி, முட்டையை அடித்து ஆவியில் வேகவைத்தது. எல்லாவற்றுக்கும் அதே உப்பிய கன்னம்தான்.

"கிண்ணத்துல சோறு மிச்சம் வச்சா மூஞ்சி பூரா தழும்பு இருக்கிறவன்தான் புருஷனா வருவான்" என்று ஒருநாள் எல்லா வீட்டிலும் சொல்கிற மிரட்டலை நானும் சொன்னேன்.

அவள் வாயில் இருந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தழும்பே இல்லையே. அம்மா, நீ எல்லாத்தையும் சாப்பிட்டுட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப ஏன் குள்ளமா வந்தாரு?"

மாவ்ஷெங் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா, அதுக்கே தெரியுது. நாளைக்கு அதையும் இப்படித்தான் கேப்பானுங்க. நான் ஆம்பள, சிரிச்சுச் சமாளிச்சுட்டேன். அதுக்கு அந்தச் சிரிப்பக் கத்துக்க வேண்டிய தலையெழுத்து வரக் கூடாது."

அவளை அளக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. காலிச் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிறுத்துவார். வீட்டுச் சிலிண்டரை அவள் தாண்டியபோது தெருவுக்கே சோயாப்பால் வாங்கிக் கொடுத்தார். அடுத்தது சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிற நெட்டைச் சிலிண்டர். பாலர் பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் அதன் தோளுக்குத்தான் வந்திருந்தாள். எதிர் வீட்டுப் பையன் அவளைவிடச் சின்னவன், அவன் தலை எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ், "சின்ன உடம்புதான், ஆனா அது பாட்டுக்கு ஒழுங்கா ஏறிட்டிருக்கு. ஒண்ணும் கவலை இல்ல" என்றாள். அவர் வெளியே வந்து, "அந்தப் பொண்ணு நெட்டையா இருக்கா. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

தெருமுனையில் காலை டிபன் கடை வைத்திருந்த குவோ அக்காதான் அவருக்கு அந்த யோசனையைச் சொன்னது. பிள்ளை தேறாவிட்டால் வீட்டுக்கு ஒரு சிட்டிகையாக நூறு வீட்டு அரிசி வாங்கிச் சமைத்துப் போடுவது பழைய வழக்கம். நூறு குடும்பத்துக் கொடுப்பினையும் பிள்ளைக்கு வந்து சேரும் என்று நம்பிக்கை. எனக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல ஒரு டீச்சர் வீட்டுப் புள்ளைக்குப் பிச்சை எடுத்த மாதிரி ஆயிடும்" என்றேன்.

"நீ எடுக்க வேண்டாம். நான் எப்படியும் அந்தந்த வீட்டு அடுப்பு வரைக்கும் போறவன்தானே" என்றார்.

அது உண்மைதான். பாலர் பள்ளி மத்தியானத்தோடு விட்டுவிடும். நான் சாயங்காலம்தான் வருவேன். அதனால் ருவோலானைத் தன் ஸ்கூட்டரில் முன்னால், கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டுதான் அவர் சிலிண்டர் போடப் போவார். அவர் பின்பக்கம் போய்ச் சிலிண்டர் மாட்டி முடிக்கிற வரைக்கும் அவள் அந்த வீட்டுச் சமையலறையில் இருப்பாள். ஊரில் எல்லோருக்கும் அவள் தெரிந்த பிள்ளை. கேட்ட வீடெல்லாம் கொடுத்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டு அம்மாவும் ஒரு மாதிரி சிரித்ததாக அவர் சொன்னார். "பாவம்னு நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்று நினைத்துக்கொண்டாராம்.

அரிசி சேர்ந்தது. கடைசி வீட்டு அரிசியும் வந்த அன்று அதை ஒரே பாத்திரத்தில் கொட்டி அவரே கழுவி மின்சாரக் குக்கரில் வைத்தார். என்னைத் தொடவிடவில்லை. புது அரிசி, பழைய அரிசி, பசை அரிசி, தவிடு நீக்காத சிவப்பரிசி, எவரோ பெருமைக்குக் கொடுத்த ஜப்பானிய அரிசி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என்ன ஆகும்? ஒரு பாதி கூழாகிவிட்டது, மறுபாதி பல்லில் கடிபட்டது. குக்கரைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஊதி ஆறவைத்து, ஒரு வாய் எடுத்து, பிள்ளையின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ருவோலான் அதை வாங்கினாள். சற்று யோசித்தாள். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். துப்பிவிட்டாள்.

அவர் மிச்சம் முழுவதையும் தானே சாப்பிட்டார். நூறு வீட்டு அரிசியைக் குப்பையில் போடக் கூடாது என்றார். மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டார்.

இதற்கு அடுத்த வாரம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அவர் பிற்பாடு என்னிடம் எத்தனையோ தரம் சொன்னதால் பார்த்தது போலவே இருக்கிறது.

குவோ அக்காவின் கடைக்கு நெட்டைச் சிலிண்டர். ருவோலானை உள்ளே விட்டுவிட்டுக் கடையின் பின்பக்கம் போனவர், ஸ்பேனரை வண்டியிலேயே வைத்துவிட்டது நினைவு வந்து திரும்பினார். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. எங்கள் மகள் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோயாவில் வெந்த முட்டை ஒன்றைச் சோற்றில் உடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னமும் ஆட, கிண்ணத்தை முகத்தோடு ஒட்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குவோ அக்கா அவளுக்கு முதுகைக் காட்டியபடி கல்லில் முள்ளங்கிக் கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றாள் பிள்ளை.

"நீயே ஊத்திக்கோ. எனக்குக் கை ஒழியல."

"நேத்து ஷியே பாட்டி வீட்ல கறியும் இருந்துச்சு."

"அவ வீட்ல எல்லாம் இருக்கும்டி, பம்பளிமாஸ் காசு. எங்கிட்ட முட்டைதான்."

அவர் கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போயிருக்கலாம். ஸ்பேனர் எடுக்கப் போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பூனை மாதிரி பின்னால் போய், காலிச் சிலிண்டர்மேல் உட்கார்ந்து, கிண்ணத்தைக் கழுவித் தொட்டியில் கவிழ்க்கிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஷியே பாட்டி வீட்டில் கறி, மீன் குளத்துக்காரர் வீட்டில் கஞ்சி, தையல்காரி வீட்டில் வேர்க்கடலைச் சூப். மத்தியானம் முழுக்கப் பிள்ளை ஊரெல்லாம் ஒரு சுற்றுச் சாப்பிட்டுவிட்டுத்தான் சாயங்காலம் எங்கள் மேசைக்கு வந்து கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டு அம்மாவும் இந்தப் பிள்ளை வீட்டுச் சோற்றைவிடத் தன் சமையலைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறது என்று உள்ளுக்குள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை வெளியே சொன்னால் டீச்சரின் சமையலைக் குறை சொன்னதாகிவிடும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அரிசி கொடுக்கும்போது அவர்கள் சிரித்த சிரிப்பு அதுதான்.

அவரும் என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ரப்பர் குழாயைக் கழற்றித் துடைப்பார். கசிவு பார்க்கிறேன் என்று சோப்பு நுரையைத் தடவுவார், மறுபடியும் தடவுவார். கேஸ் கடை முதலாளி கூப்பிட்டு, "என்னய்யா, சிலிண்டருக்குத் தாலாட்டா பாடிட்டிருக்க?" என்று கத்தினாராம். "பாதுகாப்பு முக்கியம் முதலாளி" என்று சொன்னாராம் இவர்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதபோதுதான் சொன்னார். இந்தப் பிள்ளைக்கு ஏதோ பெரிய வியாதி, தைனானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, கோவப்படக் கூடாது."

"எதுக்கு?"

"மொதல்ல கோவப்பட மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் வாக்கை மீறிக் கோபப்பட்டேன். "அப்ப என் சமையல்தான் அவளுக்கு ஆகலையா? ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் ருவோலானைக் கூப்பிட்டார்.

"குட்டி, அம்மா சோறு நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் இங்க சாப்பிட மாட்டேங்குற?"

அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே, "அங்க யாரும் என் வாயப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் வாய் திறக்கும்போது எங்கள் வாயும் திறக்க, அவள் மெல்லும்போது எங்கள் தாடையும் அசைய, வருஷக்கணக்கில் காவல் இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அப்படி யாராவது என்னைப் பார்த்தால் எனக்கும் இறங்காது.

அன்றிலிருந்து மாவ்ஷெங் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கிண்ணத்தைக் கையில் ஏந்தி, பிள்ளைக்கு முதுகைக் காட்டி, தொலைக்காட்சிப் பக்கம் பார்த்தபடி சாப்பிடுவார். நானும் அவர் பக்கத்தில். முதல் இரண்டு நாள் பின்னால் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் கிண்ணத்தில் சாப்பாட்டுக் குச்சிகள் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் என் முழங்கையை இடித்தார். நான் திரும்பப் போனேன். "பாக்காத, பாக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

தொலைக்காட்சியை அவர் ஏன் ஒருநாளும் போடவில்லை என்று எனக்குச் சில நாள் கழித்துத்தான் விளங்கியது. அணைத்து வைத்த கறுப்புக் கண்ணாடியைத்தான் அவர் அத்தனை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில், மேசை விளக்குக்குக் கீழே, ருவோலானின் கன்னம் ஏறி இறங்குவது தெரிந்தது.

"இது கள்ளாட்டம்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

இதனால் அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வந்தது. ஆனால் உயரம் அது பாட்டுக்கு, நர்ஸ் சொன்ன மாதிரி, மெதுவாகத்தான் ஏறியது. வயசுக்கு வந்த சமயம் எலும்பு நீளும் என்று கறுப்புக்கோழியை மூலிகையில் வேகவைத்த கஷாயச் சூப் கொடுத்தார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கூடைப்பந்து வளையம் வாங்கி மாட்டினார். அவள் அதில் துணி காயப்போட்டாள். பள்ளியில் அவளும் முதல் வரிசைதான். ஒருநாள் ஒரு பையன் அவளைக் கேஸ் மூடி என்று கூப்பிட, "மூடி இல்லைன்னா உங்க வீடே பறந்துடும்டா" என்று இவள் திருப்பிக் கொடுத்ததாக அவள் டீச்சர் என்னிடம் சொன்னாள். வீட்டில் சொன்னேன். மாவ்ஷெங் சிரிக்காமல் அவளைப் பார்த்தார்.

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்குப்பா? அவன் வீட்டுக்குச் சிலிண்டர் நீதான போடுற? அடுத்த தடவ காலிய மாட்டிட்டு வா."

அன்று சாயங்காலம் அவர் நெட்டைச் சிலிண்டர் ஒன்றை வாசலில் நிறுத்தி, அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் எப்போதோ அதைத் தாண்டியிருந்தாள். யாரும் அளக்காமல் விட்டிருந்தோம். அவர் தன்னையும் அவளுக்கு மறுபக்கம் நிறுத்திக்கொண்டார். அவள் தலை அவருடைய காது வரைக்கும் வந்தது. "போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அவளை அளந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நாற்காலியை மட்டும் பழையபடி மேசைப் பக்கம் திருப்பவே இல்லை. அது பழக்கமாகிப் போய்விட்டது. அவள் தைச்சுங் நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய், விடுமுறைக்கு வரும்போதெல்லாம், எங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் முதுகைக் காட்டியபடிதான் சாப்பிட்டோம். வந்த விருந்தாளிகள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது ருவோலான் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறாள். அவர் போய் ஏழு வாரம் முடியும்வரை காலையும் மாலையும் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைக்க வேண்டும். அவள்தான் சமைக்கிறாள். சோயா முட்டை, கறி, கீரை. வைத்துவிட்டு ஊதுபத்தி ஏற்றி, சற்றுப் பொறுத்து, சாப்பிட்டு முடித்தாரா என்று இரண்டு நாணயத்தைச் சுண்டிக் கேட்க வேண்டும். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் இன்னும் இல்லை.

நேற்று சாயங்காலம் அவர் முடிக்கவே இல்லை. சுண்டினாள், இரண்டும் பூ. பொறுத்துச் சுண்டினாள், இரண்டும் தலை. மறுபடியும் இரண்டும் பூ. ஊதுபத்தி பாதிக்குக் கீழே வந்துவிட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, உப்புக் கம்மியா?" என்று படத்தைக் கேட்டாள். சுண்டினாள். இல்லை.

"கன்னத்துல அடக்கி வச்சுட்டு உக்காந்திருக்காரும்மா" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். "சாப்பிடாமலே போயிடுவாரோ? அங்க யாரு அவருக்குப் பாத்துப் போடுவா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எவ்வளவு நேரமாக அவர் வாயையே பார்த்தபடி நிற்கிறோம் என்று சட்டென்று உறைத்தது.

"நாற்காலியத் திருப்பிப் போடு" என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாற்காலிகளை இழுத்துத் திருப்பினாள். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் போட்டுக்கொண்டு வந்தாள். எதிரே தொலைக்காட்சி அணைந்திருந்தது. இப்போது இருப்பது தட்டையான பெரிய டிவி. அதில் நாங்கள் இரண்டு பேர், எங்களுக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, நடுவில் அவர் படம், அதற்கு முன்னால் அந்தக் கிண்ணம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"அம்மா, நீ பாக்குற" என்றாள் ருவோலான்.

"நீயும்தான்."

"அவருக்குத் தெரியாதுல்ல."

நாங்கள் சாப்பிட்டோம். கிண்ணத்தில் குச்சி உரசுகிற சத்தம் மட்டும் இருந்தது. எங்கள் கிண்ணம் காலியானதும் அவள் எழுந்து போய் நாணயங்களைச் சுண்டினாள். ஒன்று நின்ற இடத்திலேயே கவிழ்ந்தது. இன்னொன்று தரையில் உருண்டு நாற்காலிக் காலுக்கடியில் போய் விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டாரு" என்றாள்.

கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவித் தொட்டியில் கவிழ்த்தாள்.